ஒலிப்பதிவுக் கலையகம்: கருவிகளுக்கு முன்னர் கவனிக்க வேண்டிய அறை

ஒரு மடிக்கணினி, ஒரு ஒலிவாங்கி, ஒரு சோடி ஹெட்போன். ஒரு பாடலைப் பதிவுசெய்வதற்கு இன்று இவ்வளவும் போதும் என்று சொல்லப்படுகிறது. அது பொய்யுமல்ல. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, ஹற்றன் என்று நகரங்கள்தோறும் வீட்டு அறைகளிலும் கடைத்தொகுதிகளின் மேல்மாடிகளிலும் சிறிய ஒலிப்பதிவுக் கலையகங்கள் உருவாகி வருகின்றன. பக்திப் பாடல்கள், குறும்படங்களுக்கான குரற்பதிவு, ராப் பாடல்கள், நேர்காணல்கள், ஒலி நூல்கள் எனப் பல வேலைகள் அங்கு நடைபெறுகின்றன. பலர் கடன்பட்டும், வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணத்தைக் கொண்டும் இந்த முயற்சியில் இறங்குகிறார்கள்.

ஆனால், விலை உயர்ந்த ஒலிவாங்கி ஒன்றை வாங்கிய பின்னரும் பதிவாகும் குரல் ஒரு தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோலவே ஒலிப்பதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். அதற்கு ஒலிவாங்கியை மாற்றுவதும் மென்பொருளை மாற்றுவதும் தீர்வாகாது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் பிழை இருப்பது அறையில். தொழில்முறைக் கலையகத்தைச் சாதாரண அறையிலிருந்து வேறுபடுத்துவது எது, அது எவ்வாறு அமைக்கப்படுகிறது, அங்கு வேலை எவ்வாறு நடக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கலையகத்தின் பகுதிகள்

முழுமையான ஒரு கலையகத்தில் குறைந்தது இரண்டு அறைகள் இருக்கும். முதலாவது, பாடகரும் வாத்தியக் கலைஞர்களும் இருந்து நிகழ்த்தும் பதிவு அறை. இரண்டாவது, ஒலிப்பொறியியலாளர் அமர்ந்து கேட்கும் கட்டுப்பாட்டு அறை. இரண்டுக்கும் இடையில் பெரும்பாலும் ஒரு கண்ணாடி யன்னல் இருக்கும். நிகழ்த்தும் இடமும் கேட்கும் இடமும் பிரிக்கப்படுவதற்குக் காரணம் எளிமையானது. வாத்தியம் வாசிக்கப்படும் அதே அறையில் இருப்பவருக்கு, காதில் விழுவது வாத்தியத்தின் நேரடி ஒலியா, ஒலிவாங்கி பிடித்துக்கொண்ட ஒலியா என்று பிரித்தறிய முடியாது.

இவற்றோடு, குரலுக்கென்று தனியான சிறு கூண்டறை ஒன்றும், விசிறிச் சத்தம் எழுப்பும் கணினிகளை வைப்பதற்கு ஒரு இயந்திர அறையும் இருக்கலாம். இடவசதி இல்லாத சிறிய கலையகங்களில் எல்லாமே ஒரே அறைக்குள் அடங்கிவிடுகின்றன. அது குற்றமல்ல. ஆனால் பதிவின்போது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, ஹெட்போனில் மட்டுமே கேட்க வேண்டியிருக்கும்.

கலையகத்தின் வடிவம் அதன் வேலையைப் பொறுத்தது. சேர்ந்திசைக் குழுவொன்றுக்கு உயரமான கூரையும் பரந்த தளமும் தேவை. திரைப்படக் குரற்பதிவுக்குப் படத்தைத் திரையில் பார்த்து உதட்டசைவோடு பொருந்தப் பேசும் வசதி வேண்டும். வானொலி நாடகத்துக்கு எதிரொலி குறைந்த பகுதியும், எதிரொலி கூடிய பகுதியும் வேண்டும். வெளியில் நடக்கும் காட்சியையும் மண்டபத்துக்குள் நடக்கும் காட்சியையும் கேட்பவர் வேறுபடுத்தி உணர்வது இதனால்தான். ஒலி நூலுக்கும் நேர்காணலுக்கும் அமைதியான சிறிய அறையொன்றே போதும்.

பெரிய கூடத்திலிருந்து வீட்டு வளவு வரை

லண்டனின் அபே ரோட் கலையகம் 1931 நவம்பரில் திறக்கப்பட்டது. முழு வாத்தியக் குழுவையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்யக்கூடிய பெரிய கூடம் அதில் இருந்தது. அக்காலத்தில் பதிவுக்குப் பின்னர் திருத்தம் செய்வதென்பது ஏறத்தாழ இயலாத காரியம். எனவே கலைஞர்கள் எல்லோரும் கூடியிருந்து, பிழையின்றி முழுமையாக வாசித்தாக வேண்டும். காந்த ஒலிநாடாவும், அதைத் தொடர்ந்து பல தடங்களில் தனித்தனியாகப் பதிவுசெய்யும் முறையும் வந்த பின்னரே, முதலில் வாத்தியம், பிறகு குரல் என்று அடுக்கடுக்காகப் பாடலைக் கட்டும் வழக்கம் வந்தது. பீட்டில்ஸ் குழு 1967 இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' இசைத்தட்டு, ஒரே நேரத்தில் நான்கு தடங்களை மட்டுமே பதியக்கூடிய இயந்திரங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இலங்கையில் ஒலிப்பதிவின் வரலாறு வானொலியோடு பிணைந்தது. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 ஆம் திகதி ஆரம்பமானது. தமிழ் நாடகம், மெல்லிசை, பொப் இசை, கர்நாடக இசை என்று பலவும் மக்களைச் சென்றடைந்தது இலங்கை வானொலியின் கலையகங்கள் ஊடாகத்தான். 'லண்டன் கந்தையா', 'தணியாத தாகம்' போன்ற நாடகங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஒரு கதவு சாத்தப்படும் ஓசையும் காலடிச் சத்தமும் ஒரு வீட்டையே கண்முன் கொண்டுவரும் என்பது தெரியும். கலையகத்தில் ஒலி ஒழுங்காகக் கையாளப்பட்டதன் பலன் அது.

பெரிய நிறுவனங்களிடம் மட்டுமே கலையகம் இருக்க முடியும் என்ற நிலையும் நீடிக்கவில்லை. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் பெரி கோர்டி 1959 இல் வாங்கிய ஒரு சாதாரண வீட்டின் வாகனக் கொட்டகைதான் மோட்டவுண் நிறுவனத்தின் கலையகமாக மாறியது. உலகெங்கும் கேட்கப்பட்ட பல பாடல்கள் அங்கேதான் பதிவாகின. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 1989 இல் தமது வீட்டோடு சேர்த்து அமைத்த 'பஞ்சதன்' கலையகத்திலிருந்து 1992 இல் 'ரோஜா' பாடல்கள் வெளிவந்தன. பில்லி ஐலிஷின் 2019 ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு பெருமளவுக்கு அவரது சகோதரரின் படுக்கையறையில் பதிவுசெய்யப்பட்டு, 2020 இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

இவ்வுதாரணங்களைக் காட்டி 'அறை முக்கியமல்ல' என்று சிலர் வாதிடுவதுண்டு. உண்மையில் இவை சொல்வது வேறு. சிறிய இடத்திலும் நல்ல பதிவு சாத்தியம். ஆனால் அந்த இடம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அறிந்தவர்கள் அங்கு இருக்க வேண்டும்.

வெளிச்சத்தம் உள்ளே வராமல்

கலையக அமைப்பில் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் உள்ளன. ஒன்று, வெளியே உள்ள சத்தம் உள்ளே வருவதையும் உள்ளே எழும் சத்தம் வெளியே போவதையும் தடுப்பது. மற்றது, அறைக்குள் எழும் ஒலி சுவர்களில் பட்டுத் தெறிப்பதைக் கட்டுப்படுத்துவது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதே பணம் வீணாவதற்கு முதற் காரணம். சுவரில் ஒட்டப்படும் பஞ்சு, தெறிப்பைக் குறைக்கும். தெருவில் போகும் முச்சக்கரவண்டியின் சத்தத்தை அது தடுக்காது.

ஒலியைத் தடுப்பதற்கு மூன்று விடயங்கள் தேவை. முதலாவது நிறை. சுவர் பாரமானதாக இருக்க வேண்டும். நிறையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் மேலதிகத் தடுப்புக் கிடைக்கும் என்பது பொது விதி. அந்த வகையில் எமது சீமெந்துக் கல் வீடுகள், மேலை நாடுகளின் பலகை வீடுகளை விட நல்ல அடித்தளம்.

இரண்டாவது, காற்றுப் புகாத தன்மை. எமது வீடுகள் தோற்பது இங்கேதான். வெப்பத்தைத் தணிப்பதற்காக யன்னலுக்கு மேலே விடப்படும் காற்றுத் துவாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 100 சதுர அடிச் சுவர் ஒன்றில் 1 சதுர அடித் துவாரம் இருந்தால், சுவரின் மிகுதி எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவின் கீழ் இடைவெளி, வயர் செல்லும் துளை, யன்னல் சட்டத்தின் விளிம்பு ஆகிய ஒவ்வொன்றும் அடைக்கப்பட வேண்டும். கதவு கனமான பலகையாலானதாகவும், நாற்புறமும் இறப்பர் விளிம்பு கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தொடர்பைத் துண்டித்தல். அதிர்வு திண்மப் பொருள் வழியாகவும் பயணிக்கும். ஆகவே பெரிய கலையகங்களில் அறைக்குள் இன்னொரு அறை கட்டப்படுகிறது. உள்ளறையின் தளமும் சுவரும் கூரையும் வெளியறையை நேரடியாகத் தொடாமல், இறப்பர் போன்ற மென்பொருட்களின் மீது தாங்கப்படும். கண்ணாடி யன்னலிலும் வெவ்வேறு தடிப்புள்ள இரண்டு கண்ணாடிகள், இடைவெளி விட்டுப் பொருத்தப்படும். ஒரே தடிப்பில் இருந்தால் இரண்டும் ஒரே மீடிறனில் அதிர்ந்து, அந்த மீடிறனை உள்ளே விட்டுவிடும்.

ஓட்டு வீடுகளிலும் தகரக் கூரை வீடுகளிலும் சுவரை விடக் கூரையே பெரிய ஓட்டை. மழை, காகம், அணில் எல்லாம் மேலிருந்து வரும். கொங்கிரீட் தட்டுக்குக் கீழே உள்ள அறை கிடைத்தால் அதையே தெரிவுசெய்வது நல்லது. இல்லையேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை கொண்ட உட்கூரை ஒன்றைத் தொங்கவிடலாம். அதுவும் முடியாதவர்கள் கோயில் ஒலிபெருக்கியும் போக்குவரத்தும் ஓய்ந்த பின்னர் இரவில் பதிவுசெய்கிறார்கள். செலவில்லாத வழி அது.

அறையைக் காற்றுப் புகாமல் அடைத்தால் உள்ளே இருப்பவர் மூச்சுவிட வேண்டுமே என்ற கேள்வி எழும். இதற்காகவே தொழில்முறைக் கலையகங்களில் அகலமான, வளைந்து செல்லும், உட்புறம் உறிஞ்சு பொருள் பூசிய காற்றுக் குழாய்கள் அமைக்கப்படுகின்றன. அதில் காற்று மெதுவாகச் செல்வதால் இரைச்சல் எழாது. சிறிய கலையகங்களில் குளிரூட்டியை இடைவேளைகளில் இயக்கி, பதிவு நடக்கும்போது நிறுத்திவிடுவதே நடைமுறை. ஆனால் முழுமையாக அடைக்கப்பட்ட அறையில் இடைக்கிடை கதவைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும். வழமையான குளிரூட்டி உள்ளிருக்கும் காற்றையே குளிர்விக்கும். புதிய காற்றைக் கொண்டுவராது.

அறைக்குள் தெறிப்பைக் கட்டுப்படுத்தல்

எமது வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் அறை 10 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. உயரமும் ஏறத்தாழ 10 அடியே. வசிப்பதற்கு ஏற்ற இந்த அளவு, ஒலிப்பதிவுக்கு மிக மோசமானது. எமது வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் வேகத்தில் செல்கிறது. 10 அடி இடைவெளியில் எதிரெதிராக உள்ள இரண்டு சுவர்களுக்கிடையே சுமார் 57 ஹேர்ட்ஸ் மீடிறனிலும், அதன் மடங்குகளான 114, 171 போன்றவற்றிலும் பரிவு ஏற்படும். மூன்று திசைகளிலும் அளவு ஒன்றாக இருந்தால், மூன்று பரிவுகளும் ஒரே மீடிறன்களில் வந்து குவியும். ஆண் குரலின் தாழ்ந்த சுரங்களும் மத்தளம், மிருதங்கம் ஆகியவற்றின் தொப்பிப் பக்க ஒலியும் இந்த எல்லைக்குள்தான் வருகின்றன. ஒரு சுரம் வீங்கியும், அடுத்த சுரம் மெலிந்தும் கேட்பதற்குக் காரணம் இதுவே.

அறையைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு இருந்தால், மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டும், மடங்குகளாக இல்லாமலும் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, 10 அடி உயரம், 13 அடி அகலம், 16 அடி நீளம் கொண்ட அறையில் அடிப்படைப் பரிவுகள் சுமார் 57, 44, 36 ஹேர்ட்ஸ் என்று பிரிந்துவிடும்.

அடுத்து உறிஞ்சல். இங்கு முட்டை அட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினால் கலையகம் ஆகிவிடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உண்டு. மெல்லிய காகித அட்டை, உயர் மீடிறன்களைச் சிறிதளவு சிதறடிப்பதைத் தவிர வேறெதையும் செய்யாது. ஓர் அங்குலத் தடிப்புள்ள பஞ்சும் பெரும்பாலும் உயர் மீடிறன்களை மட்டுமே உறிஞ்சும். அறை முழுவதும் அதை ஒட்டினால் குரலின் தெளிவு போய், தாழ்ந்த மீடிறனின் முழக்கம் மட்டும் எஞ்சிநிற்கும். முன்னர் இருந்ததை விட நிலைமை மோசமாகும்.

ஒலியை உறிஞ்சுவது தடிப்பு. 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.5 மீற்றர். அதன் மீது ஓர் அங்குலப் பஞ்சு எந்தத் தாக்கத்தையும் செலுத்தாது. எனவே தொழில்முறைக் கலையகங்களில் 4 அங்குலமோ அதற்கும் அதிகமோ தடிப்புள்ள கண்ணாடிக் கம்பளி அல்லது பாறைக் கம்பளிப் பலகைகள் சட்டமிடப்பட்டு, துணியால் மூடப்பட்டு, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டுப் பொருத்தப்படுகின்றன. அறையின் மூலைகளில் தாழ்ந்த மீடிறன்கள் குவிவதால், மிகத் தடித்த பலகைகள் அங்கேயே வைக்கப்படும். ஒரு தச்சரின் உதவியோடு இந்தச் சட்டங்களை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம்.

எல்லாச் சுவர்களையும் மூடுவதும் கூடாது. அறை முற்றாக 'செத்து'விட்டால் பாடகருக்குத் தன் குரலே அந்நியமாகிவிடும். உறிஞ்சும் பரப்புக்கு இடையிடையே மரமும் புத்தக அலுமாரியும் இருப்பது ஒலியைச் சிதறச்செய்து அறைக்கு உயிரூட்டும்.

அலங்காரத்தை விட முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில், சத்தத்தைக் குறைப்பதற்காகச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த பொலியூரித்தேன் பஞ்சில் வாணவேடிக்கைத் தீ பற்றியதில் 100 பேர் உயிரிழந்தனர். பொதி கட்டும் பஞ்சும் முட்டை அட்டையும் எளிதில் தீப்பற்றுவன. ஒரே கதவு கொண்ட, யன்னல் அடைக்கப்பட்ட அறையில், பழைய மின்வயர்களுக்கு அருகில் அவற்றை ஒட்டுவது உயிராபத்து. கண்ணாடிக் கம்பளியும் பாறைக் கம்பளியும் எளிதில் தீப்பற்றாதவை என்பதும் அவற்றைத் தெரிவுசெய்ய ஒரு காரணம். அவற்றை வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும்.

மின்சாரமும் இரைச்சலும்

இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பதிவில் கேட்கும் 'ம்ம்ம்' என்ற தொடர் முரல்வு 50 அல்லது 100 ஹேர்ட்ஸில் இருந்தால், அது மின்வழங்கலிலிருந்து வருகிறது என்று பொருள். புவித்தொடுப்பு ஒழுங்காக இல்லாமையும், கணினியும் ஒலிச்சாதனங்களும் வெவ்வேறு இடங்களில் செருகப்பட்டிருப்பதும் வழமையான காரணங்கள். முழுக் கலையகத்துக்கும் ஒரே மின்சுற்றில் இருந்து வழங்கலை எடுத்து, தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு புவித்தொடுப்பைச் சோதிப்பதே முதல் வேலை. முரல்வை நிறுத்துவதற்காக எர்த் கம்பியைக் கழற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒலிவாங்கியைத் தொடும் பாடகருக்கு மின்தாக்கம் ஏற்பட அது வழிவகுக்கும்.

ஒலிவாங்கிக்கு மூன்று முனைகள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். வயரைப் பாவிப்பதன் நோக்கமும் இரைச்சலைத் தவிர்ப்பதே. அதில் ஒரே சமிக்ஞை இரண்டு கம்பிகளில் நேரெதிராக அனுப்பப்படுகிறது. வழியில் இரண்டிலும் ஒரேவிதமாகப் புகும் இரைச்சல், முடிவில் ஒன்றையொன்று நீக்கிவிடும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களை மறந்திருக்க மாட்டோம். கணினிக்கு ஒரு யூ.பி.எஸ். இருந்தால், மின்சாரம் நிற்கும் கணத்தில் பதிவைப் பாதுகாத்து மூடுவதற்கு அவகாசம் கிடைக்கும்.

ஒலிவாங்கியும் பதிவும்

ஒலிவாங்கிகளில் இரண்டு வகைகள் அதிகம் பாவனையில் உள்ளன. டைனமிக் வகை உறுதியானது, விலை குறைந்தது, அறையின் சத்தத்தை அதிகம் பிடிக்காதது. 1966 இல் அறிமுகமான ஷூர் எஸ்.எம். 58 இன்றும் மேடைகளில் அதிகம் காணப்படுவது இக்காரணங்களால்தான். கண்டென்சர் வகை நுணுக்கமான ஒலிகளையும் பிடிக்கும். அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்னூட்டம் வயர் வழியாக வழங்கப்பட வேண்டும். 1967 இல் வந்த நொய்மன் யூ 87 இவ்வகையில் புகழ்பெற்றது.

இங்கு ஒரு முரண் உண்டு. கண்டென்சர் நுணுக்கமானது என்பதால் நல்ல அறையில் அது சிறப்பானது. மோசமான அறையிலோ, அந்த அறையின் குறைகளையும் அதே நுணுக்கத்தோடு பதிவுசெய்யும். எனவே அறை சீர்செய்யப்படாத இடத்தில், விலை குறைந்த டைனமிக் ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் வைத்துப் பதிவுசெய்வதே நல்ல பெறுபேற்றைத் தரும். குரலுக்குப் பொதுவாக 15 முதல் 20 சென்ரிமீற்றர் இடைவெளியும், 'ப' போன்ற எழுத்துகளின்போது வரும் காற்றைத் தடுக்க ஒரு துணி வலையும் போதும். பெரும்பாலான ஒலிவாங்கிகள் கிட்ட வரும்போது தாழ்ந்த மீடிறன்களைப் பெருக்கிக் காட்டும். அதனால் பாடகர் முன்னும் பின்னும் அசையாமல் நிற்பது அவசியம்.

ஒலிவாங்கியிலிருந்து வரும் சிறிய சமிக்ஞையைப் பெருக்கி, எண்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுப்பது 'ஓடியோ இன்டர்பேஸ்' எனப்படும் பெட்டி. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்பது இன்று போதுமான தரம். இதில் ஒரு தடத்துக்கு நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் இடம் செலவாகும். 5 நிமிடப் பாடலொன்றை 24 தடங்களில் பதிந்தால் ஏறத்தாழ 1 கிகாபைட். 24 பிட்டில் பதியும்போது ஒலி அளவை உச்சத்துக்குத் தள்ளத் தேவையில்லை. உச்ச ஒலிகள் முழு அளவுக்குக் கீழே 12 முதல் 6 டெசிபல் வரை நின்றால் போதும். குறைவாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். எல்லை மீறி உடைந்த ஒலியைச் சீராக்குவது மிகக் கடினம்.

எமது வாத்தியங்கள்

இறக்குமதியாகும் பயிற்சி நூல்கள் கிற்றாரையும் டிரம்ஸையும் பற்றியே பேசுகின்றன. எமது வாத்தியங்களுக்கு அதே விதிகளை அப்படியே பொருத்த முடியாது. நாதஸ்வரத்தின் ஒலி அதன் அணைசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரற்துளைகளிலிருந்தும் வருகிறது. ஒலிவாங்கியை அணைசுக்கு நேரே வைத்தால் சுரத்துக்குச் சுரம் அளவு மாறும். ஒரு மீற்றரோ அதற்கும் அதிகமோ தள்ளி வைத்தால்தான் முழு ஒலியும் ஒன்றுசேரும். அதற்கு அறை பெரிதாக இருக்க வேண்டும். வெட்டவெளியிலும் கோயில் வீதியிலும் வாசிக்கப்பட உருவான நாதஸ்வரமும் தவிலும், 10 அடிக் கூண்டுக்குள் காதைப் பிளக்கும் ஓசையாகிவிடும். வசதியற்ற நிலையில், அமைதியான நேரத்தில் ஒரு மண்டபத்துக்குக் கருவிகளைக் கொண்டுசென்று பதிவதே மேல்.

மிருதங்கத்தின் இரு பக்கங்களும் இரு வேறு ஒலிகள் என்பதால் இரண்டு ஒலிவாங்கிகள் பாவிப்பது வழக்கம். கூத்துப் பாடல்களில் அண்ணாவியாரின் மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் ஒன்றையொன்று பார்த்து நகர்பவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, மெட்ரோநோமின் தட்டுக்கு ஏற்பப் பதிந்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும், கூத்து இருக்காது. அவர்களை ஒன்றாக இருத்திப் பதிவதே முறை. முதிய அண்ணாவிமார் பலரின் நினைவில் மட்டுமே உள்ள மெட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மீண்டும் ஒரு பதிவு வாய்க்காமல் போகலாம் என்பதால், முதற் பதிவே ஒழுங்காக இருக்க வேண்டும்.

கேட்டலும் கலவையும்

பதிவான தடங்களைச் சமன்செய்து ஒன்றாக்குவதே ஒலிக்கலவை. இதற்கு மொனிட்டர் எனப்படும் ஸ்பீக்கர்கள் தேவை. வீட்டு ஸ்பீக்கர்கள் பாடலை இனிமையாக்கிக் காட்ட முயல்பவை. மொனிட்டர்கள் உள்ளதை உள்ளபடி காட்ட முயல்பவை. இரண்டு மொனிட்டர்களும் கேட்பவரின் தலையும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அவற்றின் உயர் மீடிறன் பகுதி காது மட்டத்தில் இருக்க வேண்டும். இடது, வலது சுவர்கள் சம தூரத்தில் இருப்பதும் முக்கியம். அறையே பொய் சொல்லுமானால், அதற்கேற்பச் செய்யும் திருத்தங்களும் பிழையாகும். கலையகத்தில் முழக்கமாகக் கேட்ட பாடல் பேருந்தில் மெலிந்து ஒலிப்பது இதனால்தான்.

ஆகவே, முடித்த கலவையைக் கைத்தொலைபேசி, முச்சக்கரவண்டி ஸ்பீக்கர், மலிவான காதொலிப்பான் எனப் பலவற்றில் கேட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். மக்கள் கேட்பது அவற்றில்தான். உரத்த சத்தத்தில் நீண்ட நேரம் வேலைசெய்தால் காது களைத்து, தீர்மானம் தவறும். செவிப்புலன் பாதிக்கப்பட்டால் அது மீளாது.

இறுதிக் கட்டம் மாஸ்டரிங். தொகுப்பின் எல்லாப் பாடல்களும் ஒரே தரத்திலும் ஒலி அளவிலும் அமையுமாறு சீர்செய்யும் வேலை இது. அதிகச் சத்தமாக ஆக்கினால் பாடல் எடுபடும் என்ற எண்ணம் இன்று பொருந்தாது. ஸ்பொட்டிபை, யூடியூப் போன்ற தளங்கள் அளவுமீறிய பாடல்களின் ஒலியைத் தாமாகவே குறைத்துவிடுகின்றன.

பதிவு நாளும் உரிமையும்

கலையகத்துக்குக் கட்டணம் பெரும்பாலும் மணித்தியாலக் கணக்கில் அறவிடப்படும். எனவே சுருதி, வேகம், பாடல் வரிகளின் இறுதி வடிவம் ஆகியவற்றை முன்கூட்டியே தீர்மானித்து, ஒத்திகை பார்த்துச் செல்வது செலவைக் குறைக்கும். வரிகளை அச்சிட்டு, பிரதிகள் எடுத்துச் செல்லுங்கள். வேலை முடிந்த அன்றே தனித் தடங்கள் அனைத்தையும் இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் பிரதிசெய்து கேட்டுப் பெறுங்கள். ஒரே ஒரு கணினியில் மட்டும் இருக்கும் பதிவு பாதுகாப்பாக இருப்பதாகக் கொள்ள முடியாது.

உரிமை பற்றிய பேச்சைப் பதிவுக்கு முன்னரே முடித்துவிட வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் ஒரு வகை உரிமையையும், பாடியவரும் வாசித்தவரும் இன்னொரு வகை உரிமையையும், ஒலிப்பதிவைத் தயாரித்தவர் மூன்றாவது வகை உரிமையையும் கொண்டிருக்கிறார்கள். பாடல் இணையத்தில் ஏறி வருமானம் வரத் தொடங்கிய பின்னர்தான் பிணக்குகள் வெளிப்படுகின்றன. யார் தயாரிப்பாளர், யாருக்கு எவ்வளவு பங்கு, மூலப்பதிவு யாரிடம் இருக்கும் ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டால் போதும். நண்பர்களுக்கிடையில் இது தேவையில்லை என்று விடுவதுதான் பல நட்புகள் முறியக் காரணமாகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

வரையறுக்கப்பட்ட பணத்தோடு கலையகம் அமைக்க விரும்புபவர் செலவை வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். முதலில் சதுரமற்ற, அமைதியான அறையைத் தேடுங்கள். அடுத்து அதன் துவாரங்களை அடைத்து, கதவைச் சீர்செய்யுங்கள். பின்னர் மின்வழங்கலையும் புவித்தொடுப்பையும் சோதியுங்கள். அதன்பின் மூலைகளிலும் கேட்கும் இடத்தின் இருபக்கச் சுவர்களிலும் தடித்த உறிஞ்சு பலகைகளை வையுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு நல்ல டைனமிக் ஒலிவாங்கி, இரண்டு உள்ளீடுகள் கொண்ட இன்டர்பேஸ், நம்பத்தகுந்த ஒரு சோடி மொனிட்டர் ஆகியவற்றை வாங்கலாம். விலை உயர்ந்த கண்டென்சர் கடைசியில் வரட்டும்.

சந்தையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது. ஒலிவாங்கி பளபளப்பாகப் பெட்டியில் வருகிறது. படம் எடுத்துப் போட்டால் எல்லோருக்கும் தெரிகிறது. அடைக்கப்பட்ட துவாரமும் மூலையில் நிற்கும் தடித்த பலகையும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் வாடிக்கையாளர் பணம் கொடுப்பது அந்த அமைதிக்குத்தான். கருவிகள் ஐந்தாண்டில் பழையனவாகிவிடும். ஒழுங்காக அமைக்கப்பட்ட அறை, இனி வாங்கப்போகும் ஒவ்வொரு கருவிக்கும் பயன்படும்.